பேர்ப்பதிவும் தன்னுணர்வும்
(மலையகத் தமிழரின் குழு அடையாளம் உருவான வரலாறு பற்றிய ஒரு நோக்கு)

ஒருவன் தன்னை இன்னான் என்று உணர்ந்துகொள்வது அவன் தனியே இருந்து ஆராய்ந்து கண்ட முடிவன்று. பிறந்த குடும்பம், வாழும் இடம், செய்யும் தொழில், வழிபடும் தெய்வம் ஆகியவற்றின் வழியே அவன் ஏதோவொரு கூட்டத்தைச் சேர்ந்தவனாகின்றான். அக்கூட்டத்துக்குப் பிறர் இட்ட பெயரும் காலப்போக்கில் அவன்மீது படிந்துவிடுகின்றது. சமூகவியலாளர் இதனைப் பொதுவிதியாகக் கூறி அமைவர். வரலாற்று மாணவனுக்கோ, குறிப்பிட்ட ஒரு மக்கட்கூட்டம் தன்னை எவ்வாறு அறிந்தது, அவ்வறிவு எக்காலத்தில் எக்காரணத்தால் மாறிற்று என்பதே பயனுடைய வினாவாகும். இவ்வினாவுக்கு ஏற்ற சான்று இந்நாட்டிலேயே உள்ளது. மத்திய மலைநாட்டுப் பெருந்தோட்டங்களில் ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் தமிழர் கூலிகள், இந்தியத் தமிழர், நாடற்றவர், மலையகத் தமிழர் எனப் பல பெயர்களாற் சுட்டப்பட்டுள்ளனர். இவற்றுள் இறுதியிலுள்ளதைத் தவிர ஏனையவை பிறர் இட்டவையே.

1820களில் கண்டிப் பகுதியிற் கோப்பிச் செய்கை தொடங்கிய பின்னர்த் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வரலாயினர். திருச்சி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலாம் மாவட்டங்களின் வறண்ட கிராமங்களே அவர்தம் பிறப்பிடங்கள். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் மிகப் பலர். அவ்வாறு வந்த ஒருவனிடம் "நீ யார்?" என்று கேட்டிருப்பின், "இந்தியன்" என்றோ "தமிழன்" என்றோ அவன் விடை கூறியிரான். தன் ஊரையும் சாதியையும் சொல்லியிருப்பான். அடுத்து, தன்னை அழைத்துவந்த கங்காணியின் பெயரைச் சொல்லியிருப்பான். கோப்பிப் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவது வழக்கமாதலின், தோட்டம் அவனுக்குப் பிழைப்புக்குரிய இடமேயன்றி வாழ்விடமன்று. கண்டிச் சீமை என்ற சொல்லிலேயே அந்நியத் தன்மை தொனிப்பதை உணரலாம்.

1869ஆம் ஆண்டிற் கோப்பி இலைகளிற் கண்டறியப்பட்ட நோய் அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் அப்பயிரையே அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிரின் மாற்றம் மனிதரின் மாற்றமாகவும் அமைந்தது. கோப்பிக்குப் பருவம் உண்டு. தேயிலைக் கொழுந்துக்கோ ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும், அதிலும் பெண்களின் கைகள் வேண்டும். ஆகவே ஆண்கள் தனியே வந்து போவதற்குப் பதிலாகக் குடும்பங்கள் நிலையாகத் தங்கின. லயங்கள் எழுந்தன. அங்கேயே பிள்ளைகள் பிறந்தனர். இறந்தோர் தேயிலைச் செடிகளின் அடியிலேயே புதைக்கப்பட்டனர்.

எனினும் பழைய குழு உணர்வு உடனே அழிந்துவிடவில்லை. பெரிய கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் சேர்த்து வந்தமையால், தோட்டத்துக் கூட்டங்கள் கிராமத்துச் சாதி அமைப்பின் பெயர்ப்புகளாகவே இருந்தன. எந்தச் சாதியார் எந்த லயத்தில் இருப்பது என்பதும் வரையறுக்கப்பட்டிருந்தது. மாசி மாதத்துக் காமன் கூத்து, பொன்னர் சங்கர் கதை, அருச்சுனன் தபசு ஆகியன விட்டுவந்த ஊரை மலைச்சரிவில் மீண்டும் நிறுவ முயன்ற முயற்சிகள் எனலாம். கடனோ கங்காணியுடன் தொழிலாளியை இறுகப் பிணைத்தது. கடன் தீர்ந்தது அல்லது தீர்க்கப்படும் என்பதற்கான 'துண்டு' இன்றி வேறு தோட்டத்தில் அவனை ஏற்கமாட்டார்கள். 1921ஆம் ஆண்டில் துண்டு முறை ஒழிக்கப்படும் வரை, அவன் தன் உடலுக்கேனும் உரியவனா என்பதே ஐயத்துக்குரியது. 1901ஆம் ஆண்டு முதல், புதிதாக வருவோர்க்குத் தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் தகடு ஒன்று அணிவிக்கப்பட்டது. பெயர் சொல்லத் தெரிந்த மனிதனைத் தகட்டிலுள்ள இலக்கத்தைக் கொண்டு இனங்கண்டனர்.

தோட்டத்துப் பேச்சு வழக்கிலுள்ள ஒரு சொல் இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஒரு நாள் வேலை கணக்கில் ஏறுவதை அங்கு 'பேர்' என்பர். காலையிற் பிரட்டுக்களத்தில் நின்று, மாலையிற் குறித்த நிறைக்குக் கொழுந்து கொடுத்தவருக்கே முழுப்பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். ஒருவருடைய பெயரும் அவருடைய நாட்கூலியும் ஒரே சொல்லால் வழங்கியமை தற்செயலாக நேர்ந்ததன்று. செக்றோல் எனும் பதிவேட்டில் எழுதப்பட்டாலன்றி அன்றைய நாளில் அவர் இருந்ததற்கே சான்றில்லை. கள்ளரும் பள்ளரும் பறையரும் சக்கிலியரும் அகமுடையாரும் ஊரில் ஒரே வரிசையில் நின்றதில்லை, பிரட்டுக்களத்தில் நின்றனர். துரைக்கு அவர்கள் யாவரும் கூலிகளே. சாதி லயத்தில் நிலைத்திருந்தபோதிலும், மலையிலும் களத்திலும் தாம் அனைவரும் ஒரே வகையாக நடத்தப்படுவதை அவர்கள் நாள்தோறும் கண்டனர். புதிய குழு உணர்வொன்றின் முதல் வித்து, குருதித் தொடர்பைவிட இந்தப் பொதுவான நடத்துகையிலேயே இருந்தது எனக் கருதவேண்டியுள்ளது. முதற் தலைமுறையினர் "எந்த ஊர்?" என்ற கேள்விக்குத் தமிழகத்துக் கிராமத்தின் பெயரைக் கூறினர், பேரப்பிள்ளைகளோ தோட்டத்தின் பெயரைக் கூறலாயினர். அதுவும் துரைமார் வைத்த ஸ்கொத்லாந்துப் பெயரையன்று. தொழிலாளர் தாமே வழங்கிய தமிழ்ப் பெயரை. பெர்குசனின் இலங்கைக் கைந்நூல் தோட்டங்களின் இத்தமிழ்ப் பெயர்களையும் தொகுத்து வெளியிடும் அளவுக்கு அவை வழக்கூன்றியிருந்தன.

1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு தமிழரை முதன்முதலாக இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரு கூறாக்கியது. முன்னையோர் ஏறத்தாழ 528,000; பின்னையோர் ஏறத்தாழ 531,000. கணக்கெடுப்போர் ஏட்டில் இட்ட கோடு ஒன்றே. ஆயினும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அது அழியவில்லை. இங்கே பிறந்து, தாய்நாட்டைக் கண்ணாற் காணாத ஒருவரும் அந்தக் கோட்டின் மறுபுறத்திலேயே வைத்து எண்ணப்பட்டார்.

ஆயினும் 'இந்தியர்' என்ற பெயரை அம்மக்கள் வெறும் சுமையாகவே தாங்கினர் என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஒரு காலகட்டத்தில் அது அவர்களுக்குக் கேடயமாயிற்று. இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் 1923 முதற் கண்டியில் இருந்தார். 1927ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலாளர்க்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேறியது. துரையின் சொல்லுக்கு மேலே மற்றொரு சொல் உண்டு என்பதை இந்தியப் பெயரே அவர்களுக்குக் காட்டியது. 'தேசபக்தன்' ஆசிரியர் கோ. நடேசையர் சட்டநிரூபண சபையிலும் பின்னர் அரசாங்க சபையிலும் அவர்களுக்காக வாதாடினார்; 1931இல் தோட்டத் தொழிலாளர்க்கெனத் தனிச் சங்கம் அமைத்தார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் 1940இல் வெளியிட்ட பாடல் நூலின் தலைப்பே 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்பதாகும். 1939ஆம் ஆண்டு ஜவஹர்லால் நேருவின் வருகையை ஒட்டி இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றியது. காந்தியின் படமும் நேருவின் படமும் லயத்துச் சுவர்களிற் சாமி படங்களின் அருகே இடம்பெற்றன. கூலி என்ற பெயர் இழிவு. இந்தியன் என்ற பெயரோ பெரியதொரு நாட்டின் போராட்டத்திற் பங்கு. சாதிப் பெயரினின்றும் கூலிப் பெயரினின்றும் மேலேறுவதற்கு அது ஓர் ஏணியாக உதவிற்று.

அதே 1939ஆம் ஆண்டில் இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதை இந்திய அரசாங்கம் தடைசெய்தமை ஒரு முரணான விளைவைத் தந்தது. புதிய ஆட்கள் வருவது நின்றது; ஊருக்குப் போய்வருவதும் குறைந்தது. பெயரளவில் இந்தியராக அவர்கள் ஒன்றுதிரண்ட அதே வேளையில், வாழ்வளவில் இலங்கையராகிக்கொண்டிருந்தனர். 1940 ஜனவரியிற் கூலி உயர்வு கோரி எழுந்த முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்திற் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தன், இந்த மண்ணில் நடந்த போராட்டத்திலேயே உயிர்நீத்தார்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஆறு ஆசனங்களை வென்றது. தலவாக்கலைத் தொகுதியிற் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தெரிவானார். அடுத்த ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாவதற்கு அவர் தந்தை இங்கு பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும் என அது விதித்தது. பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத காலத்திற் பிறந்த ஒருவரைப் பற்றித் தோட்டத் தொழிலாளி எங்ஙனம் சான்று காட்டுவான்? 1949ஆம் ஆண்டுச் சட்டம் வதிவிட அடிப்படையிற் பிரஜாவுரிமை பெற ஒரு வாயிலைத் திறந்தது; அதே ஆண்டின் தேர்தற் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பறித்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரை உள்ளடக்கி 237,000 அளவிலான விண்ணப்பங்கள் சென்றன. 1964 வரையிற் பிரஜாவுரிமை கிடைத்தோர் ஏறத்தாழ 134,000 பேரே. எஞ்சியோரை இந்தியாவும் தன் குடிகளாக ஏற்கவில்லை. இந்தியர் என்ற பெயரால் உரிமை இழந்தோர்க்கு இந்தியா எனும் நாடும் இல்லாதொழிந்தது.

இவ்விடத்தில் ஏனைய தமிழரின் பங்கினையும் கூறாது விடுதல் நேர்மையன்று. தோட்டத்துக் கிளாக்கர்மாரும் ஆசிரியர்களும் மருந்து கொடுப்போருமாக யாழ்ப்பாணத்தவர் பலர் மலைநாட்டில் வாழ்ந்தனர். மொழி ஒன்று, முருகன் ஒருவன். ஆயினும் அவர்களது குவாட்டர்சுக்கும் லயத்துக்கும் இடையிலிருந்த தூரம் துரையின் பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையிலிருந்ததைவிட மிகக் குறைந்ததன்று. வடக்கிலும் கொழும்பிலும் தமிழர் வீடுகளில் ஏவல் செய்த சிறுவர் சிறுமியர் பலர் தோட்டப் பிள்ளைகளே. 'தோட்டக்காட்டான்' என்ற வசையும், கடைவீதிகளில் வழங்கிய 'கள்ளத்தோணி' என்ற வசையும் மலைநாட்டு இளைஞனின் நெஞ்சில் ஆழப் பதிந்தன. பட்டணத்துப் பாடசாலையிலோ கடையிலோ தன் பேச்சின் தொனியை மாற்றி, ஊர் கேட்டால் 'கண்டி' என்றோ 'ஹற்றன்' என்றோ மட்டும் கூறித் தோட்டத்தின் பெயரை மறைப்பது பலருக்கு வழக்கமாயிற்று. குழுவின் பெயர் தனிமனிதனின் நாவையே எவ்வாறு கட்டிவிடுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பிரஜாவுரிமைப் பிரச்சினையிற் கருத்து வேறுபட்டுத் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்த சா. ஜே. வே. செல்வநாயகம் 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியை நிறுவினார். 'தமிழ் பேசும் மக்கள்' என்ற விரிந்த பெயருள் மலைநாட்டவர்க்கும் இடம் உண்டு என்றார். மேடையில் விரிந்த அப்பெயர் திருமணத்திலும் பந்தியிலும் அத்துணை விரியவில்லை.

ஐம்பதுகளிற் பெயர்கள் நகரத் தொடங்கின. இலங்கை இந்தியன் காங்கிரசின் தொழிற்சங்கம் 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆயிற்று. 'இந்தியன்' என்ற சொல் நீங்கியது. அறுபதுகளில் இதனினும் ஆழமான மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. ஹற்றன் ஹைலன்ட்ஸ் கல்லூரி போன்ற பாடசாலைகளிற் கற்று வெளிவந்த முதற் தலைமுறை, ஆசிரியர் இர. சிவலிங்கம் முதலியோரின் வழிகாட்டலில், தன்னை 'மலையகத்தார்' என அழைக்கலாயிற்று. சாதியையும் தொழிலையும் கடல்கடந்த நாட்டையும் விடுத்து, கால் ஊன்றி நிற்கும் நிலத்தினின்றும் எடுக்கப்பட்ட பெயர் இது. முந்திய பெயர்கள் எல்லாம் எங்கிருந்து வந்தாய், யாருக்கு வேலை செய்கிறாய் என்பவற்றைக் குறித்தன. இதுவோ எங்கே இருக்கிறாய் என்பதைக் குறித்தது. பத்திரிகைகள் நடத்திய சிறுகதைப் போட்டிகளும், அவற்றிற் பரிசு பெற்றவற்றைத் தொகுத்து 1971இல் வீரகேசரி வெளியிட்ட 'கதைக்கனிக'ளும், என். எஸ். எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் ஆகியோரின் கதைகளும் அப்பெயருக்கு உயிரூட்டின. லயத்துப் பேச்சு அச்சில் ஏறியதைக் கண்ட இளைஞனுக்குத் தன் நாவைக் குறித்த நாணம் ஓரளவேனும் அகன்றிருக்கும். தெளிவத்தை ஜோசப்பின் தொகுதி 'நாமிருக்கும் நாடே' என்று பெயர் பெற்றதும் சி. வி. வேலுப்பிள்ளையின் நாவல் 'வீடற்றவன்' என்று பெயர் பெற்றதும் ஒரே அனுபவத்தின் இரு முகங்கள்.

இப்புதிய உணர்வு அரும்பிய அதே வேளையில், 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 பேர் எனக் கணிக்கப்பட்டோருள் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என எண்ணிக்கையால் வகுக்கப்பட்டனர். எஞ்சிய 150,000 பேர் 1974ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். சம்பந்தப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. விண்ணப்பம் கோரப்பட்டபோது, இந்தியாவை நாடியோர் குறித்த தொகையை எட்டவில்லை. இலங்கையை நாடியோரோ குறித்த 300,000 என்ற தொகையின் இரு மடங்கையும் கடந்தனர். அரை நூற்றாண்டாக 'இந்தியர்' எனப் பதியப்பட்டவர்கள் தம் உள்ளத்தில் எந்நாட்டைக் கொண்டிருந்தனர் என்பதற்கு, அவர்கள் தாமே எழுதித் தந்த சான்று அது. ஆயினும் அதிகாரிகளின் கணக்கும் தோட்டத்து நெருக்கடியும் எழுபதுகளின் பஞ்சமும் பலரைக் கப்பலேற்றின. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறுநாட்டுக்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. புகையிரத நிலையங்களிற் கேட்ட அழுகையைப் பலர் எழுதியுள்ளனர்.

அக்கரையில் நிகழ்ந்தது இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருங்கியது. தமிழக அரசு 1968 முதல் நீலகிரியிற் தேயிலைத் தோட்டங்களை அமைத்துத் திரும்பிவந்தோரிற் பலரைக் குடியேற்றியது. வேறு பலர் கிடைத்த வேலையை நாடிச் சென்றனர். எண்பதுகளிற் கொடைக்கானல் மலையிற் சிலர் கொத்தடிமைகளாகவே காணப்பட்டனர். இலங்கையில் இந்தியராயிருந்தவர்கள் அங்கே 'சிலோன்காரர்' ஆயினர். பாட்டனின் ஊருக்குச் சென்றோர்க்கு நிலமில்லை. உறவினர் பலர்க்கு இவர்களை அடையாளமும் தெரியவில்லை. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்கள் மீண்டும் கொழுந்து பறித்தனர். தம் பேச்சையும் சமையலையும் தோட்டத்து வழக்கங்களையும் பேணி, ஒருவரையொருவர் எந்தத் தோட்டத்தார் என்று கேட்டறிந்தனர். கடலைக் கடந்த பின்னரே தாம் எந்நாட்டவர் என்பது அவர்கட்குப் புலனாயிற்று.

இலங்கையில் எஞ்சியோரின் கோரிக்கைகளும் மாறின. 1977 மே மாதத்தில் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டக் காணி 7,000 ஏக்கரைப் பிறர்க்குப் பகிர எடுத்த முயற்சியை எதிர்த்தபோது, டெவன் தோட்டத்திற் சிவனு லட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். கோவிந்தன் கூலிக்காக மாண்டார். லட்சுமணன் நிலத்துக்காக மாண்டார். இடைப்பட்ட முப்பத்தேழு ஆண்டுகளில் அம்மக்களின் தன்னுணர்வு கடந்துவந்த தொலைவை இவ்விரு மரணங்களும் அளந்து காட்டுகின்றன. 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் பலரை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் துரத்தின. தாக்கியோர் இந்தியத் தமிழர், இலங்கைத் தமிழர் என்று பாகுபாடு பார்க்கவில்லை. குடிசன மதிப்பு வகுத்த கோடு தீயில் மட்டும் மறைந்தது.

1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையைச் சட்டத்தளவிற் போக்கின. 1971இல் 1,174,606 ஆகப் பதிவான இந்தியத் தமிழர் 1981இல் 818,656 ஆகக் குறைந்தமைக்குக் கப்பலேற்றமே தலையாய காரணம். ஆனால் 2012இல் அத்தொகை 839,504 மாத்திரமே. நாட்டின் மொத்தக் குடிசனம் ஒரு கோடி நாற்பத்தெட்டு இலட்சத்திலிருந்து இரு கோடியைக் கடந்த அதே முப்பத்தோர் ஆண்டுகளில் இத்தொகை வெறும் இருபத்தோராயிரத்தால் மட்டும் வளர்ந்தமைக்குப் பிற்காலப் புலப்பெயர்வு மாத்திரம் காரணமாகாது. பலர் தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிந்துகொண்டனர் என்பதே பொருத்தமான விளக்கம். சிலர் வசையினின்றும் தப்பவும், சிலர் தம் பிள்ளைகளின் வாய்ப்புகளைக் கருதியும், சிலர் தாம் இலங்கையர் என்ற நேர்மையான நம்பிக்கையாலும் அவ்வாறு செய்திருக்கலாம். இதனை எதிர்ப்போர், எண்ணிக்கை குறைந்தால் பிரதிநிதித்துவமும் தனித்த வரலாறும் கரைந்துவிடும் என்கின்றனர். இருசாரார் கூற்றிலும் நியாயம் உண்டு. 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு ஆகஸ்டில் மாத்தளையை அடைந்த நடைபயணம், முன்னோர் நடந்த வழியிலேயே நடந்து, 'மலையகத் தமிழர்' என்ற பெயரைப் பதிவேடுகளிலும் ஏற்கவேண்டும் என்ற கோரிக்கைக்கு வலுச்சேர்த்தது.

இவ்வாறு ஒரே லயத்தின் ஒரே வீட்டில் பாட்டனின் பத்திரத்தில் ஓர் இனப்பெயரும் பேரனின் பத்திரத்தில் மற்றோர் இனப்பெயரும் இருத்தல் இன்று வியப்புக்குரியதன்று. பேரன் கொழும்பிற் கடையில் வேலை செய்யலாம், பல்கலைக்கழகத்திற் கற்கலாம். தாய் இன்னும் கொழுந்துக் கூடையுடன் மலையேறுகின்றாள்; அவளுக்கு இன்றும் நிறை குறைந்தால் அரைப்பேர்தான். அவர்கள் குடியிருக்கும் லயத்து அறைகளிற் பெரும்பாலானவற்றுக்கு அவர்கள் எவருடைய பெயரிலும் இன்னும் உறுதி எழுதப்படவில்லை.